ஆளில்லாத வீடு

2022 ஒக்டோபரில் லண்டனில் மின்சாரம் ஒரு அலகு 34 பென்ஸ், காஸ் 10 பென்ஸ் என்றானது. "ஆளில்லாத வீட்டுக்கு ஹீட்டர் என்னத்துக்கு?" என்று இவர் காலையில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போவார். மாலையில் அவர் வரும் நேரத்துக்குத்தான் மறுபடி எரியும்.

இடையில் நான் இருந்தேன், கைக்குழந்தையோடு. கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தேன். மடியில் சுடுதண்ணிப் பை. குசினி மட்டும் சூடு என்பதால் சமையலை மூன்று மணிவரை இழுத்தேன். அவருக்கோ நல்ல சாப்பாடு.

குழந்தையைப் பார்க்க வந்த தாதி, அறை 16 முதல் 20 பாகை இருக்கவேணும் என்றார். மானி 13 காட்டியது. அன்றே ஹீட்டர் போட்டார், பிள்ளைக்காக.

பிள்ளை நர்சரிக்குப் போன குளிர்காலம் திரும்ப நிறுத்தினார். அவர் கார் தெருமுனை திரும்பியதும் எழும்பிப்போய்ப் போட்டேன்.