குழாயின் வாய்

சலவை இயந்திரம் வாங்குவோர் அதன் நிறத்தையும் கொள்ளளவையும் விலையையும் பல நாள் ஆராய்கின்றனர். அழுக்குநீர் வெளியேறும் வழியைப் பற்றி ஒரு நாழிகைகூட எண்ணிப் பார்ப்பதில்லை. இயந்திரம் வந்து இறங்கியதும் அதன் பின்புறத்து நெளிகுழாயை இழுத்துக் குளியலறைத் தரையில் போட்டுவிடுகின்றனர். நம் இல்லங்கள் பலவற்றில் இதுவே வழக்கம்.

எங்கள் இல்லத்தில் அவ்வாறு போட இயலாமற் போனதற்குக் காரணம் என் உம்மா. எண்பதைக் கடந்தவர். அந்தக் குளியலறையில்தான் ஐவேளையும் ஒளுச் செய்கிறார். சவர்க்கார நீர் பரவிய தரையில் அவர் கால் வழுக்கிவிடுமோ என்பது என் அச்சம். தெறிக்கும் நீரில் நஜீஸ் கலந்திருக்குமோ என்பது அவர் அச்சம். பேரக்குழந்தையின் துணிகளும் அதே இயந்திரத்தில் துவைக்கப்படுவதால், அவருடைய ஐயத்தை வெறும் வஸ்வாஸ் என்று தள்ளிவிட முடியவில்லை.

தரையில் போடக்கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. முன்புறம் கதவுள்ள இயந்திரத்தில் பம்பு ஒன்று நீரை மேலே தள்ளி வெளியேற்றுகிறது. குழாயின் முனை தாழ்ந்து கிடந்தால், பம்பு ஓடாதபோதும் நீர் தானாகவே இறங்கிவிடும். இயந்திரம் நீரை எடுத்துக்கொண்டே இருக்கும், துணியோ சரியாக நனையாது. இதனை ஸைஃபன் என்பர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், ‘கிதாபுல் ஹியல்’ என்னும் நூலில் இந்த விதியைக் கொண்டே விந்தைக் கலங்கள் பலவற்றை அமைத்துக் காட்டினர். அவர்கள் விரும்பி வரவழைத்ததை நாம் வராமல் தடுக்கவேண்டியிருக்கிறது! ஆகவே குழாயின் முனை தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்திற்குள் நிற்கவேண்டும். பம்பு இல்லாத இரட்டைத் தொட்டி இயந்திரத்துக்கு இது பொருந்தாது. அதன் குழாய் தாழ்ந்துதான் இருக்கவேண்டும்.

உயரத்தில் நிறுத்துவதற்குச் சுவரோரம் செங்குத்தாக ஒரு பி.வி.சி. குழாய் வேண்டும். கடைக்காரர் 32 மில்லிமீட்டர் குழாயை எடுத்து நீட்டினார். நெளிகுழாய் அதனுள் நுழையும் என்பது மெய்யே. ஆனால் சுற்றிலும் காற்றுக்கு இடமிராது. பம்பு வேகமாகத் தள்ளும் நீரை அது விழுங்கவும் மாட்டாது. நான் 50 மில்லிமீட்டர் குழாயைக் கேட்டு வாங்கினேன். விலையில் பெரிய வேறுபாடில்லை.

குழாய் பொருத்த வந்த தம்பி, “ஆலிம்சா, வாயை ரப்பர் வச்சு அடைச்சிருவோமா? நாத்தம் வராது” என்றார். பெரும்பாலோர் விரும்புவதும் அதுவே. நாற்றத்தைத் தடுப்பது மேலே உள்ள அடைப்பன்று. அடியில் வளைந்த டிராப்பில் தங்கி நிற்கும் 5 சென்டிமீட்டர் நீர்தான். வாயை இறுக அடைத்தால் காற்று புகாது. உயரத்தில் நிறுத்தியும் ஸைஃபன் திரும்பி வந்துவிடும். அதனினும் பெரிது ஒன்று உண்டு. வெளியே சாக்கடை அடைத்துக்கொண்டால், எதிர்த்து வரும் கழிவுநீர் திறந்த வாய் வழியே தரையில் வழியும். அடைத்த வாயென்றால் இயந்திரத்தை நோக்கி ஏறும். ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்துக்குக் குறைந்த நீரில் நஜீஸ் பட்டால் அந்த நீர் முழுவதும் நஜீஸாகும். இயந்திரத்தின் தொட்டியில் நிற்கும் நீர் அந்த அளவில் கால்பங்குகூட இராது. கழிவுநீர் காலடியில் வழிந்தால் கண்ணுக்குத் தெரியும், கழுவிவிடலாம். துணிக்குள் புகுந்தால் யார் அறிவார்? நெளிகுழாயை 15 சென்டிமீட்டர் மட்டும் உள்ளே விட்டுத் தளர்வாகக் கட்டச் சொன்னேன். தம்பி அரைமனத்தோடு இசைந்தார்.

குளியலறைத் தரையிலுள்ள நஹானி டிராப்பில் சேர்த்தால் செலவு குறையும் என்றார் மருமகன். (நஹானி என்பது குளித்தலைக் குறிக்கும் வடபுலச் சொல், சாக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது.) அங்கே சேர்த்திருந்தால், நீர் பொங்கும்போது உம்மா நிற்கும் இடத்தில்தான் பொங்கும். எனவே சுவரைத் துளைத்து, டிராப்பைக் கடந்த குழாயைக் கொல்லைப்புறக் கழிநீர்த் தொட்டிக்கு நேரே கொண்டுபோனோம். அந்த வழியில் இரண்டாவதாக ஒரு டிராப் வைக்கவில்லை. ஒரே வழியில் இரண்டிருந்தால் இடையில் காற்று சிக்கி ஓட்டம் தடைப்படும். கூரிய எல்போவுக்குப் பதில் 45 பாகை வளைவுகள் இரண்டு. மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. எங்களுடையது கடற்கரை ஊர், இரும்பு இங்கு நெடுநாள் நில்லாது. குழாயைச் சுவரில் பிடிக்க எவர்சில்வர் கிளிப்புகளே வாங்கினோம். சாதாரண பி.வி.சி. கொதிநீரைத் தாங்காதாகையால், 90 பாகைச் சலவையை ஓட்டவேண்டாமென்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். “அவ்வளவு சூட்டுல துணியே போயிரும் வாப்பா” என்றாள்.

மற்ற இணைப்புகளையெல்லாம் பசையிட்டு ஒட்டினோம். டிராப்பின் அடிமூடி மட்டும் திருகிக் கழற்றத்தக்கது. மாதம் ஒருமுறை மருமகன் அதைத் திறக்கிறார். நூலும் பஞ்சும் குழந்தைச் சட்டையின் பொத்தானுமாக ஒரு பிடி கசடு வருகிறது.