யார் சொன்னால் திரும்புவோம்?

மே 8, கல்கா

புந்தரில் இறங்கி, மணிகரண் வழியாகப் பர்ஷைனி போகும் பேருந்தில் ஏறினேன். பார்வதிப் பள்ளத்தாக்கில் பேருந்து பர்ஷைனியோடு நின்றுவிடுகிறது. அணையைக் கடந்து, மூச்சு வாங்கும் ஓர் ஏற்றம் ஏறினால் கல்கா. வண்டி வராத ஊர். மர வீடுகள், அவற்றைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள். மரங்களில் பூ கொட்டிப் பிஞ்சு விட்டிருக்கிறது.

தனியாகக் கூடாரம் போடும்போது, இடம் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பது என் வழக்கம். முதலில் ஒரு டீக்கடை, அங்கே கொஞ்சம் பேச்சு, அந்தப் பேச்சிலிருந்து ஒரு வீடு. இன்றும் அப்படித்தான் கிடைத்தது. தோட்டத்தின் ஓரமாக டென்ட் போட்டுக்கொள்ளலாம், இரவுச் சாப்பாடு அவர்கள் வீட்டில், கழிப்பறையும் அவர்களுடையது. வாடகை பேசி முடித்த பிறகே முதுகிலிருந்து பையை இறக்கினேன்.

கீழே ஆற்றோரம் இதைவிட அழகான புல்தரை இருந்தது. அங்கே போடமாட்டேன். இன்று காலை பேருந்தின் ஜன்னலோரம் பியாஸ் ஆறு வெகுதூரம் கூடவே வந்தது. 2014 ஜூன் 8 அன்று ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரையும், சுற்றுலா அழைத்துவந்த ஒருவரையும் கொண்டுபோனது அந்த ஆறுதான். பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள். “தனியாகப் போகாதே, நாலு பேரோடு போ” என்று என் வீட்டில் ஒவ்வொரு கோடையிலும் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நாலு பேரோடு அல்ல, நாற்பது பேருக்கு மேல் ஒன்றாக வந்தவர்கள். மேலே அணை இருக்கிறது, இறங்காதே என்று தடுத்து நிறுத்தும் ஒரு குரல் அவர்களுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா!

இரவில் தூறல் போட்டது. டென்டின் இரண்டு வாசலிலும் ஜிப்பை ஒரு சாண் திறந்தே வைத்தேன். குளிருக்குப் பயந்து முழுக்க மூடினால், நாம் விடும் மூச்சே உள்துணியில் நீராகப் படிந்து விடிவதற்குள் சொட்டத் தொடங்கிவிடும். தூக்கப்பை நனைந்தால் அப்புறம் குளிரைத் தாங்க வழியில்லை.

மே 10, கல்கா

வீட்டுப் பாட்டி காலையில் கூப்பிட்டார். “மகளே, அடுப்படிக்கு வா.” சித்து செய்துகொண்டிருந்தார். கோதுமை மாவை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, உள்ளே வால்நட் பருப்பை இடித்து வைத்து மூடி, ஆவியில் வேக வைப்பது. நம்மூர்க் கொழுக்கட்டையை உள்ளங்கை அகலத்துக்குச் செய்தாற்போல் இருக்கும். விளிம்பை மடிக்கும்போது பாட்டியின் கட்டைவிரல் ஒரே சீராக ஓடியது. நான் மடித்தது வெந்ததும் வாய் பிளந்துகொண்டது. அதை எடுத்து, மேலே நெய்யைத் தாராளமாக ஊற்றி, தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

இது தனியாக வருகிறவர்களுக்குக் கிடைப்பது. தனியாக நிற்கும் பெண்ணைக் கண்டால் ஊர் விசாரிக்கிறது. புருஷன் எங்கே, பிள்ளைகள் எத்தனை, என்ன வேலை, சம்பளம் எவ்வளவு? எரிச்சலாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அந்த விசாரணையின் மறுபக்கம் காவல். இருட்டிய பிறகு நான் டென்டுக்குத் திரும்பிவிட்டேனா என்று அந்த வீட்டுப் பையன் டார்ச்சோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறான்.

பகலில் மணிகரண் வரை போய் வந்தேன். கடைத்தெருச் சுவரில், வெயிலில் வெளுத்துப்போன காணவில்லை அறிவிப்பு ஒன்று. இந்தப் பள்ளத்தாக்கில் 1990களிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் காணாமல் போயிருக்கிறார்கள். பாறையில் வழுக்கியவர்கள், ஆற்றோடு போனவர்கள், போதைக்கும் கொள்ளைக்கும் இரையானவர்கள் என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். பலருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. மேலே போனவர் எந்தப் பாதையில் போனார், என்றைக்குத் திரும்புவதாக இருந்தார் என்று கீழே ஒருவருக்காவது தெரியாவிட்டால், தேட வருகிறவர்கள் எங்கே தொடங்குவார்கள்? போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, தங்கும் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் எங்கும் புறப்படுகிறேன். அதே விவரம் தங்கைக்கும் வாட்ஸ்அப்பில் போய்விடும்.

பாட்டியிடம், பனிக்கணவாய் ஏறப் போவதைச் சொன்னேன். “தனியாகவா?” என்றார். இல்லை, குழுவோடு என்றதும், “அங்கே அப்படித்தான் போகணும்” என்று அடுப்பை ஊதப் போய்விட்டார்.

மே 12, கசோல்

யூத் ஹாஸ்டல் சங்கத்தின் முகாமில் கணவாய் மலையேற்றத்துக்குப் பெயர் பதிந்தாயிற்று. மருத்துவச் சான்றிதழைப் பார்த்தார்கள், கூடாரம் ஒதுக்கினார்கள். பெண்களுக்குத் தனி வரிசை. தனியாக வந்தவர்கள் என் கூடாரத்திலேயே பலர். நாக்பூரிலிருந்து ஒரு நர்ஸ், சூரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண், ஓய்வுபெற்ற தபால்துறை அம்மா ஒருவர். சேலத்துப் பையன்கள் சிலர், நான் தமிழ் என்று தெரிந்துகொண்டதும் “அக்கா” என்று ஒட்டிக்கொண்டார்கள்.

யூத் ஹாஸ்டல் இயக்கத்தைத் தொடங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் ஆசிரியையான எனக்குத் தனிப் பெருமை. 1909 ஆகஸ்டில் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் தன் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போனபோது இடிமழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலில் படுத்து இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளெல்லாம் நடந்து வரும் பிள்ளைகளுக்குத் திறந்தால் என்ன என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியது. ஆல்டெனா என்ற ஊரின் கோட்டையில் அவர் தொடங்கிய விடுதி அதன் பிறகு வந்தது. இந்தியாவில் சங்கம் 1949-ல் அமைந்தது. கையில் காசு குறைந்தவர்கள் இமயமலை ஏற இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரவில் பாட்டும் கூத்தும் நடந்தன. பெயர் கேம்ப் ஃபயர், ஆனால் நெருப்பு இல்லை. விறகு எரிக்கக் கூடாது என்பது இங்கே கட்டளை. பாடி முடித்ததும் ஆளுக்கொரு கோப்பை போர்ன்விட்டா.

மே 15, கிராஹன்

கசோலிலிருந்து ஓடைக்கரையோரமாகத் தேவதாருக் காட்டுக்குள் ஏறி வந்தோம். கிராஹன் ஏறத்தாழ 7,700 அடியில் இருக்கும் பழைய கிராமம். ஊருக்குள் நுழைந்தபோது ஒரு திண்ணையில் கம்பளி நெய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி தறிக்குக் குனிந்துகொண்டாள். ஒரே நிறப் பைகளோடு நாங்கள் வரிசையாகப் போவது அவளுக்குத் தினசரிக் காட்சி. நேற்று ஒரு கூட்டம், நாளை ஒரு கூட்டம். யாரை விசாரிப்பாள்? கல்காவில் கிடைத்த அடுப்படி இங்கே கிடைக்காது. குழுவில் சேரும்போது ஊரை இழக்கிறோம். அந்த இழப்பு சிறியது இல்லை.

மே 17, மிங் தாச்

நேற்று பாத்ரி, இன்று 11,150 அடியில் மிங் தாச் புல்வெளி. எதிரே பனிமலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. நடக்கும்போது நான் யாரோடும் பேசவில்லை. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர், நடுவே அவரவர் வேகம். குழுவில் தனிமை போய்விடும் என்று நினைப்பவர்கள் இப்படிப்பட்ட குழுவில் நடந்து பார்க்க வேண்டும்.

மாலையில் நாக்பூர்க்காரர், “தமிழ்நாட்டில் மலையேற்றம் உண்டா தீதி?” என்று கேட்டார். குரங்கணியைப் பற்றிச் சொன்னேன். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், போடிக்கு மேலே. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு. கோடைக் காய்ச்சலில் புல் சருகாகிக் கிடந்த சரிவில் இறங்கும்போது தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்தார்கள். வார விடுமுறைக்கு மலையைப் பார்க்க வந்த இளம்பிள்ளைகள். அவர்கள் போன பாதைக்கு உரிய அனுமதி இல்லை என்று பின்னால் தெரியவந்தது.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஒன்று என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஜாக்கிரதையான பிள்ளைகளாகவே இருந்திருப்பார்கள். தனியாகக் காட்டுக்குள் போகத் துணியாதவர்கள். கூட்டத்தோடு போனால் பத்திரம் என்று நம்பித்தான் பணம் கட்டிச் சேர்ந்திருப்பார்கள். வறண்ட மார்ச்சில் அந்தச் சரிவுக்குப் போகலாமா என்ற கேள்வியை வேறு யாரோ தமக்காகக் கேட்டுவிட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். தனியாகப் போகிறவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவரே கேட்க வேண்டும், அவரே பதில் சொல்ல வேண்டும்.

மே 18, நகாரு

12,500 அடி. ஒரு மலைமுதுகின் மேல் கூடாரங்கள். காற்று துணியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் பாட்டிலை நர்ஸ் தன் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே விட்டால் உறைந்துவிடும்.

சேலத்துப் பையன்களில் ஒருவன் இரவுச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த தபால்துறை அம்மா பார்த்துவிட்டார். “தலைவலியா?” என்றார். இல்லை என்றான். கொஞ்ச நேரத்தில் வெளியே ஓடி வாந்தி எடுத்தான். பிறகுதான் சொன்னான், மிங் தாச்சிலேயே தலைவலி தொடங்கிவிட்டதாம். நண்பர்கள் கேலி செய்வார்களே என்று மறைத்திருக்கிறான்.

தனியாக வந்திருந்தால் அவன் யாரிடம் மறைத்திருப்பான்? ஆனால் தனியாக வந்திருந்தால், அந்தத் தட்டைப் பார்த்தவரும் இருந்திருக்கமாட்டார்.

10,000 அடிக்கு மேல் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மேலே போகக் கூடாது, குறையவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும். மலை மருத்துவத்தின் முதல் பாடம் இது. நண்பர்கள் முகாம் தலைவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் சார், நாளைக்கு ஒரு நாள்தானே” என்றார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. “இவர் இப்போதே மிங் தாச்சுக்கு இறங்குகிறார். என் ஆள் கூடப் போவார்” என்றார். பையன் அழுதான். அவன் பையை முகாம் ஆள் தன் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு டார்ச் வெளிச்சங்கள் சரிவில் இறங்கிப் போயின.

மே 19, பிஸ்கேரி தாச்

விடியற்காலை 3 மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. இரவில் இறுகும் பனி, வெயில் ஏறினால் இளகிக் காலை உள்ளே இழுக்கும். அதனால்தான் அந்த நேரம். ஆனால் 3 மணிக்குப் பனித்தூறலும் காற்றுமாக இருந்தது. சிலர் இப்போதே போகலாம் என்றார்கள், ஊர் திரும்பும் விமான டிக்கெட் கணக்கு அவர்களுக்கு. வழிகாட்டி உள்ளூர்க்காரர். கணவாய்ப் பக்கம் பார்த்தபடி நின்றார், எதுவும் பேசவில்லை. ஒருமுறை சற்றுத் தூரம் நடந்துபோய்க் கம்பால் பனியைக் குத்திப் பார்த்துவிட்டு வந்தார். கிழக்கு வெளுத்தபோது காற்று அடங்கியது. “எட்டு மணிக்குள் கணவாயைத் தாண்ட முடிந்தால் போகலாம். முடியாது என்று எனக்குத் தோன்றினால் எந்த இடத்திலும் திருப்புவேன், யாரும் வாதாடக் கூடாது” என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

அவர் பூட்ஸ் முனையால் உதைத்து உதைத்துப் படி வெட்டிக்கொண்டு போக, அதே படியில் கால் வைத்து ஏறினோம். சர் கணவாய், 13,800 அடி. மறுபக்கம் நெடிய பனிச்சரிவில் உட்கார்ந்து சறுக்கி இறங்கியபோது அந்தத் தபால்துறை அம்மா போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. என் கண்ணில் நீர் முட்டியது. இந்த மலையை இந்த வயதில் எனக்குக் காட்டியது குழுதான்.

மே 21, கசோல்

சேலத்துப் பையன் முகாம் வாசலில் காத்திருந்தான். தெளிவாக இருந்தான். இறங்கிய மறுநாள் காலையிலேயே தலைவலி விட்டுவிட்டதாம். “அடுத்த வருஷம் வருவேன் அக்கா” என்றான்.

நான் இனியும் ஊர்களுக்குத் தனியாகத்தான் போவேன். அடுப்படிக்குக் கூப்பிட ஒரு பாட்டி இருக்கும் இடத்தில் கூட்டம் வேண்டாம். பனிக்கு மேலே, அடர்காட்டுக்குள்ளே, குழுவோடுதான் போவேன். எந்தக் குழு என்று பார்த்துத்தான் போவேன். நம் ஊரிலும் இப்போது வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் அரசே 40 பாதைகளைத் திறந்தது. பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். குரங்கணிக்குப் பிறகு நமக்குத் தேவைப்பட்டது இதுதான்.

தனியாகக் கிளம்பி, போகும் இடத்தில் ஒரு குழுவில் சேர நினைப்பவர்களே, பணம் கட்டும் முன் நடத்துபவரிடம் நேராகக் கேளுங்கள். வனத்துறை அனுமதி எந்தப் பாதைக்கு, எந்தத் தேதிக்கு வாங்கியிருக்கிறார்கள்? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? திரும்பலாம் என்று சொல்லும் அதிகாரம் யாருடையது? கடந்த பருவத்தில் யாரையாவது பாதியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்களா? இதற்கெல்லாம் நேரான பதில் வராத குழுவில் சேராதீர்கள்.