உப்பும் விறகும் வந்த வழி

வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சம், தெற்கே மரக்காணம். இரண்டுக்கும் நடுவே சுமார் 420 கிலோமீட்டர், கடலைவிட்டு அதிகம் விலகாமல் ஓடுகிறது பக்கிங்ஹாம் கால்வாய். வடமுனையில் கிருஷ்ணா டெல்டாவின் கால்வாய்களோடு சேர்வதால், அங்கு விளைந்த நெல் படகிலேயே சென்னைக்கு வர முடிந்தது. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் தள்ளுகோல், அல்லது கரையில் நடந்தபடி கயிறு இழுக்கும் ஆட்கள்.

கிருஷ்ணப்பட்டணம் தாண்டினால் பழவேற்காடு ஏரி. இன்று ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் ஒருகாலத்தில் சென்னையின் அடுப்புகளுக்கு விறகு வந்தது.

எண்ணூரிலிருந்து சென்னை வரையிலான துண்டுதான் மூத்தது. 1801-ல் தொடங்கி 1806-ல் முடிந்தது. வெட்டிய பேசில் காக்ரேன் பெயரால் அப்போது அது காக்ரேன் கால்வாய். பேசின் பிரிட்ஜ் பக்கத்திலேயே சால்ட் கோட்டர்ஸ் சரக்கு யார்டு. அந்த விசித்திரமான பெயரைக் கொஞ்சம் கழுவிப் பார்த்தால் உப்புக் கொட்டாரம் தெரியும். படகில் வந்த உப்பைக் குவித்துவைத்த இடத்தில்தான் பிறகு கூட்ஸ் வண்டிகள் நின்றன. 1899-ல் பெஜவாடா ரயில் பாதை வந்ததும் அவசரச் சரக்கெல்லாம் அதற்குப் போனது. விறகுக்கும் உப்புக்கும் என்ன அவசரம்? அவை படகை விடவில்லை.

கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரை வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள். கால்வாய்க்குக் கிடைத்ததோ அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர். மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்காகக் காத்திருந்தபோது கீழே எட்டிப் பார்த்தேன். பாலத்தின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கியிருந்தன. கறுத்த தண்ணீர், ஆகாயத்தாமரை, மிதக்கும் ஒற்றைச் செருப்பு. படகைக் கரையில் வென்ற ரயில், இங்கே அதன் தண்ணீரிலேயே கால் ஊன்றி நிற்கிறது.

தெற்கே கோவளம், மாமல்லபுரம். பாரதிதாசன் நண்பர்களோடு படகேறி வந்து 'மாவலிபுரச் செலவு' பாடியது இந்த வழியில்தான். 1960-களின் புயல்கள் கரையைக் குலைத்தன; லாரிகள் மிச்சத்தை முடித்தன.

மரக்காணத்தில் உப்பு இன்றும் விளைகிறது. பாத்தியில் வாரிய உப்பை வரப்போரம் குவித்து, கீற்று போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். மூட்டைகள் ஏறுவது லாரியில். அது கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் சென்னைக்குப் போகிறது, பெரும்பாலும் கால்வாயின் ஓரமாகவே.