வாப்பாவின் அழைப்புக்காக வலி காத்திருக்காது



மதரஸாவில் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவது வழக்கம்தான். பெரும்பாலும் சற்று நேரத்தில் அடங்கிவிடும். சென்ற ஆண்டு ஒரு மாணவனுக்கு வந்த வலி அவ்வாறு அடங்கவில்லை. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. சோற்றை வெறுத்தான், வாந்தி எடுத்தான், குனிந்தே நடந்தான்.

குடலேற்றம் என்றெண்ணி வயிற்றை உருவிவிட முனைந்தார் உம்மும்மா. உம்மாவோ, வளைகுடாவிலிருக்கும் வாப்பாவின் அழைப்புக்காகக் காத்திருந்தார். வற்புறுத்தி ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். குடல்வால் அழற்சி என்றார்கள். அன்றிரவே அறுவை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், நலமடைந்தான்.

வீங்கிய குடல்வால் வெடித்தால் சீழ் வயிறெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே இத்தகைய வலிக்கு விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்கலாகாது, உருவலாகாது. மருத்துவர் பார்க்கும்வரை உணவும் வேண்டாம். வயிறு பலகைபோல் இறுகினாலோ, காய்ச்சலோ மயக்கமோ சேர்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். பெண்பிள்ளைகளின் கடும் வலியை மாதவிடாய் என்று ஒதுக்காதீர்கள்; கருக்குழாயில் தங்கிய கருவும் இவ்வாறு வலிக்கும். பெண் மருத்துவர் இல்லையெனினும் தாமதிக்க வேண்டாம். நிர்ப்பந்த நிலையில் மார்க்கம் இடமளிக்கிறது.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது, நபி (ஸல்) அவர்கள் அவருடைய நெஞ்சில் கைவைத்துப் பார்த்து, ஹாரிஸ் இப்னு கலதா என்னும் மருத்துவரிடம் செல்லப் பணித்தார்கள் என அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நாமும் துஆ ஓதுவோம். ஓதிக்கொண்டே வண்டியில் ஏறுவோம். வாப்பாவுக்கு வழியில் செய்தி சொல்லிக்கொள்ளலாம்.