பேனாக்கத்தியின் கூர்மை

உங்கள் இல்லத்து மேசை இழுப்பறையில் மடக்குக் கத்தி ஒன்று கிடக்கக்கூடும். நம் முதியோர் அதனைப் ‘பேனாக்கத்தி’ என்று வழங்கினர். பழம் அரியவும் கயிறு அறுக்கவும் பயன்படும் பொருளுக்குப் பேனாவின் பெயர் எவ்வாறு வந்தது என எண்ணிப் பார்த்ததுண்டா? இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்றே மேனாட்டார் வைத்திருந்த சிறு கத்தி அது. ஆங்கிலேயர் இட்ட பெயரே தமிழிலும் நிலைத்துவிட்டது. பாரசீகத்திலும் உருதுவிலும் அதன் பெயர் ‘கலம்தராஷ்’. எழுதுகோல் சீவி என்பது பொருள். நாணற் கலத்தின் நுனியைச் சீவிச் சரிவாக வெட்டினாலன்றி அரபி எழுத்துக் கலைஞரால் ஓர் அலிஃபைக்கூடச் செம்மையாக எழுத இயலாது.

திண்டிவனத்தில் மதரஸா மாணவர்களுக்குக் கலம் சீவக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவையிலிருந்தே என் ஆர்வம் பிறந்தது. விழுப்புரத்திலுள்ள என் வீட்டு மேசையில் இன்று மூன்று மடக்குக் கத்திகள் இருக்கின்றன. பெருஞ்சேகரிப்பாளர் கண்டால் புன்னகைப்பார். எனினும் இம்மூன்றும் எனக்கு மூன்று ஆசிரியர்கள்.

முதலாவது, வளைகுடாவில் பணியாற்றும் என் மைத்துனர் விடுமுறையில் வந்தபோது அளித்த சுவிட்சர்லாந்து ‘விக்டோரினாக்ஸ்’. கார்ல் எல்சனர் என்பவர் 1884ஆம் ஆண்டில் இபாக் என்ற சிற்றூரில் தொடங்கிய பட்டறையே இந்நிறுவனம். 1891இல் சுவிஸ் இராணுவத்திற்குக் கத்தி வழங்கத் தொடங்கிய அவர், 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். மறைந்த தம் தாயாரின் பெயரான விக்டோரியாவை அவர் தொழிலுக்குச் சூட்டினார். துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமான ‘இனாக்ஸ்’ 1921இல் அதனுடன் இணைந்தது. தாயின் பெயரைத் தாங்கிய கத்தி என்றறிந்த நாள் முதல் அதனைக் கையிலெடுக்கும்போது எனக்குத் தனி மரியாதை.

இரண்டாவது, பிரான்சு நாட்டின் ‘ஒப்பினெல்’. பிரான்சில் குடியேறிய தம் தமையனார் மூலம் புதுச்சேரி நண்பர் ஒருவர் வரவழைத்துத் தந்தது. சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டில் உருவாக்கிய எளிய கத்தி இது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு; வேறொன்றுமில்லை. விரித்த அலகு விரல்மீது மடங்கிவிடாமல் காக்கும் சுழல்வளையம் 1955இல் சேர்ந்தது. அலகில் முடி சூடிய கை ஒன்று முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது, திண்டிவனம் கடைத்தெருவில் வாங்கிய, பெயரே பொறிக்கப்படாத கத்தி.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் பெயரையும் பளபளப்பையும் கண்டு மயங்குவது இயல்பு. ஒப்பிட வேண்டியவை வேறு. முதலில் எஃகு. விக்டோரினாக்ஸின் அலகு எளிதில் துருப்பிடிக்காது. நம் கடலோர ஈரக் காற்றுக்கு ஏற்றது. என்னிடமுள்ள ஒப்பினெல் கார்பன் எஃகால் ஆனது. தீட்டுக்கல்லில் விரைவில் கூரேறும். கலத்தை வெண்ணெய்போல் சீவும். ஆனால் எலுமிச்சை அரிந்து துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும். நனைந்தால் மரப்பிடி ஊதி, அலகை இழுப்பதே பெரும்பாடாகிவிடும். இரண்டாவது பூட்டு. சிறுவர் கையில் கொடுக்கும் கத்திக்கு அதுவே முதன்மை. இவ்வகையில் வளையமுள்ள ஒப்பினெலே மேல். மூன்றாவது பராமரிப்பு. பெயரில்லாக் கத்தியின் கூர் ஒரு வாரத்தில் மழுங்கிவிடுகிறது. ஆயினும் மாணவர்கள் தீட்டிப் பழகுவதற்கு அதனினும் பொருத்தமானது வேறில்லை.

நான்காவதாக ராம்பூர்க் கத்தி ஒன்று வாங்கும் ஆசை எழுந்தது. நவாபுகள் ஆண்ட அந்த உத்தரப் பிரதேச நகரின் கத்தி வினைஞர்கள் புகழ் பெற்றவர்கள். இந்தித் திரைப்படங்களோ அவர்களின் கைத்திறனை ரவுடிகளின் அடையாளமாக்கிவிட்டன. இதை என் துணைவியாரிடம் விரிவாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதையும் தீட்டித் தொடச்சு வைக்க உங்களுக்கு நேரம் இருக்குங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வியே எனக்கு ஓர் அளவுகோலாயிற்று. நம்மால் எத்தனை கத்திகளைக் கூர் குன்றாமல் வைத்திருக்க முடியுமோ, அத்தனையே நம் சேகரிப்பின் எல்லை. அதற்கு மேற்பட்டவை பெட்டிக்குள் துருவேறும் வீண்விரயம். குர்பானி கொடுக்கும் இல்லங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையல்லவா? மழுங்கிய கத்தி கொடுமை செய்யும். அழுத்தி வெட்டுகையில் வழுக்கி, வெட்டுபவரின் விரலையும் பதம் பார்க்கும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் நாள்தோறும் பேருந்தில் செல்லும் நான், தாடியும் தொப்பியும் உடையவன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையொட்டிய விதிகள், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே ஆயுதமாகக் கொள்கின்றன. வீடு, உழவு, தொழில் ஆகியவற்றுக்கானவை அதில் சேரா. என் கத்திகளின் அலகு அதில் பாதியும் இராது. ஆயினும் சட்டைப் பையில் ஒரு பேனாக்கத்தி இருந்தால், பிறருக்குச் சொல்லத் தேவையற்ற விளக்கத்தை நம் போன்றோர் சொல்ல நேரலாம். ஆகவே கலம் சீவும் பாடமுள்ள நாளில் மட்டும், நாணற் கட்டோடும் மைக்கூட்டோடும் சேர்த்துத் துணியில் சுற்றி அதனை எடுத்துச் செல்கிறேன். எவரேனும் பிரித்துப் பார்த்தால், கத்தியின் வேலை இன்னதென்று அந்த மைக்கூடே சொல்லிவிடும். எனினும் இத்தனை முன்னெச்சரிக்கை ஓர் ஆசிரியனுக்குத் தேவைப்படுகிறதே என்ற வருத்தம் மனத்தின் ஓரத்தில் இல்லாமலில்லை.

கத்தியும் எழுத்தும் உறவினர் என்பது மேனாட்டார் மட்டும் கண்ட உண்மையன்று. ஓலையில் எழுதிய காலத்தில் நம் தமிழ் மண்ணில் ‘மடக்கெழுத்தாணி’ என ஒரு கருவி இருந்தது. ஒரு பிடிக்குள் எழுத்தாணி ஒருபுறமும், ஓலை வாரும் கத்தி மறுபுறமும் மடங்கியிருக்கும் வகையும் அதில் உண்டு. உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் எழுத்தாணி வகைகளைக் குறித்து எழுதியிருக்கிறார்.

எனவே வாசகர்களே, சேகரிப்பதில் ஆர்வமுடையோர் கடைக்குச் செல்லுமுன் தம் பாட்டனாரின் மரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். துருவேறிய மடக்குக் கத்தியோ எழுத்தாணியோ கிடைத்தால் பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். எண்ணெயிட்டுத் துடையுங்கள். அதனைக் கொண்டு யார் என்ன எழுதினார் என்று வீட்டுப் பெரியோரிடம், அவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.