மேடைக்கு ஒளி, படிக்கட்டுக்கு இருள்



சென்ற ஆண்டு திருவொற்றியூர் மண்டபம் ஒன்றில் என் தங்கை மகளின் நிக்காஹ் நடைபெற்றது. மேடையைச் சுற்றி 1000 வாட் ஹாலஜன் விளக்குகள் 20, மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை எரிந்தன. துறைமுகத் தொழிலாளியான மச்சான் அதற்காகவே கடன் வாங்கியிருந்தார். அறிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பகட்டில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது.

மக்ரிபுக்கு உளூச் செய்யச் சென்ற பெரியவர் ஒருவர் இருண்ட படிக்கட்டில் இடறி விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், பெரிய காயமில்லை. "மேடையைப் பாத்த கண்ணுக்கு இங்க ஒண்ணுமே தெரியலப்பா" என்றார்.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். 1000 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். ஆக, 5 மணி நேரத்தில் 100 யூனிட். 2016-இல் தமிழக அரசு ஒரு வீட்டிற்கு இரண்டு மாதங்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய அளவும் அதுவே. அந்த மின்சாரத்தின் விலையை நம் பகுதி நன்கறியும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் இயங்குகிறது. கொசஸ்தலை ஆற்றில் கலந்த சாம்பலால் பிழைப்பு நலிந்த மீனவர்கள் நம் அண்டை வீட்டார் அல்லவா?

நிக்காஹ் ஊரறிய நடைபெற வேண்டியது. அதற்கு ஒளி அழகு சேர்ப்பதில் குற்றமில்லை. ஆனால் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் (17:27) வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்களாகக் காட்டுவதை மாணவர்களுக்குப் பாடமாக நடத்துபவன் நான். அன்று என் மௌனமே எனக்கு எதிரான சாட்சியாயிற்று.

இவ்வாண்டு என் மகளின் நிக்காஹ். விளக்கு அமைக்க வந்த இளைஞர் என்னிடம் ஓதியவர். "ஹஜ்ரத், 200 வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு போதும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் உயரத்துல இருந்து இளமஞ்சள் வெளிச்சம் விழுந்தா முகம் தெளிவா இருக்கும், கண்ணும் கூசாது" என்றார். மேடைக்கு நான்கு வைத்தோம். மற்ற இரண்டையும் படிக்கட்டிலும் உளூச் செய்யும் இடத்திலும் வைக்கச் சொன்னேன். 5 மணி நேரத்திற்கு 6 யூனிட்தான் செலவாயிற்று. புகைப்படங்களிலும் குறையில்லை.

மச்சான் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். அன்றே நான் பேசியிருக்க வேண்டும். உங்கள் வீட்டுத் திருமணத்தில் விளக்குக்கு முன்பணம் கொடுக்கும் முன், எந்த இடம் இருளில் இருக்கிறது என்று ஒருமுறை மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நேரிய வழியைக் காட்டுவானாக. ஆமீன்.