யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட வருபவர்களுக்கு

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ நீண்ட காலம் இருந்துவிட்டு ஊரில் வீடு கட்ட வருபவர்கள் முதலில் விசாரிப்பது மின்சாரத்தைத்தான். கரண்ட் அடிக்கடி போகுமா, ஏசி தாங்குமா, கூரையில் சோலார் போடலாமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதான், ஆனால் அவற்றையெல்லாம் காசால் தீர்த்துக்கொள்ளலாம். தேசிய மின் வலையமைப்பு எட்டாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குக்கூட, காற்றையும் வெயிலையும் டீசலையும் சேர்த்து மின் எடுக்க இந்திய நன்கொடையில் 2022இல் ஒப்பந்தம் ஆயிற்று. காசால் தீராதது வளவு மூலையில் இருக்கும் கிணற்றின் நிலைமை. 1990களில் குடாநாடு மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அத்தனை ஆண்டுகள் சனம் அங்கே இருக்க முடிந்ததற்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பெரிய காரணம்.

இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாற்றில்கூட மாரியில்தான் நீர் வரும். பெய்த மழை சுண்ணக்கல் வெடிப்புகளின் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனால்தான். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதைப் பார்ப்பவர்களுக்கு, அந்த நீர் எவ்வளவு தாராளமாக நிலத்தடியில் நகர்கிறது என்பது விளங்கும். வளவுக்கு வேலி உண்டு, கிணற்று நீருக்கு இல்லை. சுன்னாகத்தில் இதை ஊரே பட்டறிந்தது. மின் நிலைய வளாகத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்து, மக்கள் குடிநீருக்கு பவுசரை எதிர்பார்த்து நின்றார்கள். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கே மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது. மின்சாரம் இல்லாத காலத்தைத் தாங்கிய கிணறுகள் மின்சாரம் எடுக்கப்போய்க் கெட்டது கொடுமை.

‘அப்பு, ஆச்சி காலத்திலிருந்து இதே கிணற்றில்தானே குடித்தோம்’ என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் துலாவால் இறைத்தார்கள்; மனிதக் கை சோரும்போது இறைப்பும் நின்றது. மோட்டர் சோர்வதில்லை. அளவுமீறி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். அன்று தோட்டத்துக்கு எருவும் குழையும் தாழ்த்தார்கள். இன்று யூரியாவும் அடிப்பூச்சில்லாத மலக்குழிகளும் நைத்திரேற்றைக் கிணற்றில் சேர்க்கின்றன. பால்குடிக் குழந்தைகளுக்கு அது ஆபத்து, காய்ச்சினாலும் போகாது. ‘இப்போது குழாய்த் தண்ணீர் வருகிறதே’ என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் அதிகம். இரணைமடு நீரைக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த பின், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய வேலை. ஆனாலும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க நிறைய மின்சாரம் வேண்டும். அப்படி எடுத்த நீரைக் குடிக்கலாம், சமைக்கலாம், வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்க முடியாது. தோட்டம் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறது. குழாய் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைவிடுபவர், பக்கத்துத் தோட்டக்காரரின் பிழைப்பையும் சேர்த்தே கைவிடுகிறார்.

ஆகவே வீட்டுப் படம் கீறும்போதே மலக்குழிக்கு அடியும் சுவரும் கொங்கிறீற்றில் இடுங்கள். அது நிரம்பினால் பவுசர் வந்து உறிஞ்ச வழி விடுங்கள். உங்கள் கிணற்றிலிருந்து மட்டுமல்ல, அயலாரின் கிணற்றிலிருந்தும் தூரத்தை அளந்து குழியின் இடத்தைக் குறியுங்கள். முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடாமல், மாரி மழை இறங்க மண்ணை விட்டுவையுங்கள்.